கடைசி எழுத்து

மொந்தெவிதேயோ
12 டிசம்பர் 2018

அக்கா,

செப்டம்பரில் பக்கத்து வீட்டு ஓர்தென்சியாவின் போனில் நீ கத்தியதற்கும், நான் பாதியில் வைத்ததற்கும் பிறகு இதுதான் முதல் கடிதம். சமாதானம் பேச எழுதவில்லை. அப்பாவுக்காக எழுதுகிறேன்.

இதைக் கொண்டுவருகிறவர் ஒரெஸ்தெஸ், நம் பக்கத்து ஊர் ரெமேதியோஸ்காரர், பண்டிகைக்கு ஊருக்கு வருகிறார். அவர் பெட்டியில் ஆண்கள் காலுறை ஒரு ஜோடி இருக்கும். ஒன்றுக்குள் போன், இன்னொன்றுக்குள் சார்ஜர். காலுறையும் அப்பாவுக்குத்தான், தூக்கிப் போட்டுவிடாதே.

இந்த மாசம் ஆறாம் தேதியிலிருந்து அங்கே கைப்போனிலேயே இன்டர்நெட் வருகிறது என்று இங்கே இருக்கிற நம் ஆட்கள் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். இனிமேல் பூங்காவுக்குப் போய் வைஃபை அட்டை சுரண்டிக்கொண்டு உட்கார வேண்டாம். அப்பா இருக்கிற நாற்காலியிலேயே என்னைப் பார்க்கலாம்.

கவனமாகப் படி. இந்த போன் இந்த ஊர்க் கம்பெனிக்காகத் தயாரானது. அங்கே வந்ததும் பழைய வாசலையே தேடிக்கொண்டு நிற்கும். நாம்தான் புது வாசலைச் சொல்ல வேண்டும். முதலில் வரிசையில் நின்று ஒரு சிம் வாங்கு, டேட்டாவும் சேர்த்து வாங்கு. சிம்மைப் போட்டதும் பல்சக்கரப் படத்தைத் தொடு. அதில் மொபைல் நெட்வொர்க். அதற்குள்ளே ‘அணுகு முனைகள்’ என்று ஒரு வரி. அங்கே ஏற்கெனவே இருப்பதை அழி. கூட்டல் குறியை அழுத்து. முதல் கட்டத்தில் பெயர் கேட்கும், அதற்கு என்ன வேண்டுமானாலும் போடலாம், அது நமக்கு அடையாளம் மட்டும்தான். இரண்டாவது கட்டம்தான் முக்கியம். அதில் nauta, நௌதா, என்று அடி. சின்ன எழுத்தில், ஐந்தே எழுத்து, ‘ஆ’வில் முடியும். இடைவெளி கூடாது. மற்ற கட்டங்களைத் தொடாதே. சேமித்துவிட்டு, வெளியே வந்து அதன் பக்கத்தில் இருக்கும் வட்டத்தைத் தொட்டுப் புள்ளி வைக்க மறந்துவிடாதே. பிறகு போனை ஒரு தடவை அணைத்துப் போடு. பேசும் செயலியை நானே ஏற்றிவிட்டேன், எண்ணை மட்டும் கொடு.

பக்கவாதம் வந்த பிறகு அப்பா முகத்தை நான் பார்க்கவே இல்லை. இங்கே முதியோர் இல்லத்தில் தினமும் காலையில் இரண்டு கிழவர்களைக் குளிப்பாட்டுகிறேன். அன்செல்மோ ஐயாவுக்கு முதுகு அப்படியே அப்பா முதுகு. வேறு யாரோ பெற்றவர்களுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டு, உனக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லையே என்று நினைக்கிறேன்.

நியுர்கா

*

கைபாரியேன்
5 ஜனவரி 2019

நியுர்கா,

போன் வந்தது. காலுறை அப்பாவுக்குப் பெரிசு.

ஒரெஸ்தெஸ் வாசலில் நின்று உரக்கப் பேசிவிட்டுப் போனதால் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஓர்தென்சியா உடனே வந்தாள்.

“நியுர்கா அனுப்புனதா? அவ்வளவு தூரம் போயும் அப்பனை மறக்கல பாரு. தங்கம்டி அவ.”

“தங்கம்தான். இந்தாங்க, தங்கத்தோட அப்பா நனைச்ச விரிப்பு. அந்த முனையப் பிடிங்க, பிழியணும்.”

அவளுக்கு உடனே அடுப்பில் ஏதோ தீயும் ஞாபகம் வந்துவிட்டது.

‘உனக்குக் கிடைத்தது’ என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் பல தடவை படித்தேன். எனக்குக் கிடைத்தது என்னவென்று சொல்கிறேன். அப்பாவின் வலது பக்கம் எனக்குக் கிடைத்தது. இடது பக்கத்தை அவரே பார்த்துக்கொள்கிறார். பள்ளிக்கூடத்துச் சமையலறை வேலையை அக்டோபரில் விட்டேன். முப்பத்தொரு வருஷம் சாந்தா கிளாராவுக்கு பஸ் ஓட்டிய மனுஷன் கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு வர என் தோளைப் பிடித்துக்கொண்டு பதினோரு அடி வைக்கிறார். அந்தப் பதினோரு அடிக்கு இடையில் இரண்டு தடவை நிற்கிறார்.

இன்னொன்று. உனக்குச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். நீ எப்படியும் யார் மூலமாவது கேள்விப்படுவாய்.

நவம்பரில் அவருக்குக் குரல் திரும்பியது. ஒரே ஒரு வார்த்தையோடு. தண்ணீரைக் காட்டி அதைச் சொல்கிறார். ஜன்னலைக் காட்டி அதைச் சொல்கிறார். சாப்பாட்டைப் பார்த்து, பூனையைப் பார்த்து, கழிப்பதற்கு வைக்கும் பாத்திரத்தைப் பார்த்து. அந்த வார்த்தை ‘நியுர்கா’.

“அப்பா, நான் இதால்மிஸ்” என்று சொன்னேன். தலையை ஆட்டினார். புரிந்த மாதிரிதான் ஆட்டினார். என் கன்னத்தைத் தொட்டு, “நியுர்கா” என்றார்.

முகம் துடைக்கும்போதும் உன் பெயர். மருந்து கொடுக்கும்போதும் உன் பெயர். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று ஒரு தடவை எண்ண ஆரம்பித்து, மத்தியானத்துக்குள் நிறுத்திவிட்டேன்.

உன் போன் வேலை செய்யவில்லை. நீ எழுதியபடி எல்லாம் செய்தேன். இணைப்பு இல்லை என்றே வருகிறது. வெளிநாட்டு போன் சிலது இங்கே ஒத்துவராது என்று வரிசையில் நின்ற ஒருத்தி சொன்னாள். அப்படித்தான் இருக்கும்.

இதால்மிஸ்

*

மொந்தெவிதேயோ
27 ஜனவரி 2019

அக்கா,

உன் கடிதத்தை இல்லத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். முழுவதும் இல்லை, அப்பா என் பெயரைச் சொல்கிற பகுதியை மட்டும். சமையல்காரி அழுதுவிட்டாள். எல்லாம் மறந்த பிறகும் பெற்ற மனசில் ஒரு பெயர் நிற்கிறது பார் என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. சின்ன வயசில் பஸ்ஸில் டிரைவர் இருக்கைக்குப் பக்கத்துப் பெட்டியில் என்னைத்தானே உட்காரவைப்பார். நீ பின்னால் ஜன்னலோரம் உட்காருவாய். அதெல்லாம் உள்ளேயே இருந்திருக்கிறது போல.

போன் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே இருக்கிற நம் ஊர் ஓலிம்பியாவும் தன் தம்பிக்கு இதே போனைத்தான் அனுப்பினாள். அவன் இருப்பது உனக்கு இரண்டு தெரு தள்ளி. அதே ஊர், அதே போன், அதே ஐந்து எழுத்து. அவன் தினமும் அவளோடு பேசுகிறான். உன் வீட்டில் மட்டும் ஏன் வரவில்லை?

இன்னும் ஒன்று கேட்கிறேன். கோபப்படாதே. ஜனவரி இரண்டாம் தேதி சாயங்காலம் நாலு இருபதுக்கு, ஓர்தென்சியாவிடம் உன் புது எண்ணைக் கேட்டு வாங்கி நான் கிறிஸ்துமஸிலிருந்து அனுப்பிவைத்திருந்த படங்கள் எல்லாவற்றுக்கும் இங்கே இரட்டைக் குறி விழுந்தது. போய்ச் சேர்ந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். கடற்கரைச் சாலையில் மஞ்சள் கவுன் போட்டு நான் எடுத்துக்கொண்ட படமும் அதில் உண்டு. அதற்குப் பிறகு அனுப்பிய எதற்கும் ஒற்றைக் குறிக்கு மேல் இல்லை. உன் எண்ணுக்கு நாலு தடவை கூப்பிட்டும் பார்த்தேன். மணி அடித்தது. நீ எடுக்கவில்லை.

லெயோனெலுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதான், சந்தைக்குப் பின்னால் போன் ரிப்பேர் பார்க்கிறவர். வீட்டுக்கே வந்து பார்ப்பார். அவரை உள்ளே விடு.

நியுர்கா

*

கைபாரியேன்
18 பிப்ரவரி 2019

நியுர்கா,

லெயோனெல் வந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, அப்பாவுக்கு வணக்கம் சொல்லி, அப்பா அவரை “நியுர்கா” என்று வரவேற்க, நாற்காலியில் உட்கார்ந்து போனை வாங்கினார். காபி கலக்கிக்கொண்டு வருவதற்குள் பார்த்து முடித்துவிட்டார்.

“இத யாரு அடிச்சது?”

“நான்தான்.”

“நௌதோன்னு இருக்கு. கடைசி எழுத்து தப்பு. ‘ஆ’ வரணும்.”

“தெரியும்.”

அவர் காபியை வாங்கிக் குடித்தார். அப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஊரில் பாதிப் பேருக்குச் சரிசெய்து கொடுத்த ஆள், ஒரு விரலால் மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

“ரிப்பேர் ஒண்ணும் இல்லம்மா. தோணும்போது நீங்களே மாத்திக்கோங்க. காபி நல்லா இருந்துச்சு.”

கூலியைக்கூட வாங்காமல் போனார். இனி ஊருக்கு இதுவும் தெரியும் என்று நினைத்தேன். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அவர் சொல்லவில்லை போலிருக்கிறது. அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

சரி, எழுதிவிடுகிறேன். இரண்டாம் தேதி நீ சொன்னபடி ‘ஆ’ போட்டுத்தான் அடித்தேன். புள்ளியும் வைத்தேன். அணைத்துப் போட்டதும் உன் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக மணியடித்துக்கொண்டு விழுந்தன. மஞ்சள் கவுன் படத்தை அப்பாவிடம் காட்டினேன். முழு மனசோடுதான் காட்டினேன், அதையும் நம்பு.

அப்பா சிரித்தார்.

பாதி வாயால்தான். ஆனால் சிரிப்பு. செப்டம்பரிலிருந்து நான் என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறேன். பழைய பஸ் கதை, டோமினோவில் அவர் ஏமாற்றிய கதை, ஓர்தென்சியா மாதிரி நடந்து காட்டினேன்கூட. உதடு அசைந்ததில்லை. நீ ஒரு கவுன் போட்டுக்கொண்டு நின்றாய், அவர் சிரித்துவிட்டார். படத்தைக் காட்டி, “நியுர்கா” என்றார். அந்த ஒரு தடவைதான் அந்த வார்த்தை சரியான இடத்தில் விழுந்தது.

நான் போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். பல்சக்கரம், நெட்வொர்க், அணுகு முனை. நீ நன்றாகத்தான் எழுதியிருந்தாய், ஒரு தடவை படித்ததிலேயே மனப்பாடம் ஆகியிருந்தது. கடைசி எழுத்தை அழித்துவிட்டு ‘ஓ’ போட்டேன். சேமித்தேன். திரும்பி வந்து, “கட் ஆயிடுச்சுப்பா” என்றேன். சாயங்காலம் முழுக்க அவர் மேசைமேல் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கழுவுவதும் துடைப்பதும் எனக்கு. சிரிப்பு உனக்கு. பஸ்ஸில் முன் பெட்டியை நீயே ஞாபகப்படுத்தியிருக்கிறாய். பின் சீட்டிலிருந்து அவர் கழுத்தின் பின்பக்கம்தான் தெரியும். இப்போதும் அதைத்தான் தினமும் துடைக்கிறேன்.

லெயோனெல் போய் மூன்று நாள் ஆகிறது. இந்த வரியை எழுதும்வரை நான் அதை மாற்றவில்லை.

இதால்மிஸ்

*

மொந்தெவிதேயோ
9 மார்ச் 2019

அக்கா,

மூன்று நாள் உன்னைத் திட்டிக்கொண்டே வேலை செய்தேன். போர்வை மடிக்கும்போது, கஞ்சி ஊட்டும்போது, பஸ்ஸில் நிற்கும்போது. பக்கத்தில் நின்ற அம்மாள் நகர்ந்து போய்விட்டாள். நாலாம் நாள் திட்டுவதற்கு வார்த்தை தீர்ந்துபோய், எழுத உட்கார்ந்தபோது என் கதையும் சேர்ந்துதான் வருகிறது.

இல்லத்துக்குச் செவ்வாய்க்கிழமைகளில் கிராசியேலா என்று ஒரு அம்மாள் வருவார். வாய் கோணியவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர். உன் ஜனவரிக் கடிதம் வந்ததும் அவரிடம் பெருமையாகப் போய்ச் சொன்னேன்.

“எங்கப்பாவுக்கு எல்லாமே மறந்துபோச்சு, எம்பேரு மட்டும் மறக்கல.”

“மத்ததுக்கும் அதையேதான் சொல்றாரா? தண்ணி, சாப்பாடு எல்லாத்துக்கும்?”

“ஆமா.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அது பாசம் இல்ல பொண்ணு. மூளைல இந்த மாதிரி அடி பட்டா ஏதோ ஒரு வார்த்தை மாட்டிக்கும். எந்த வார்த்தைன்னு சொல்ல முடியாது. ஒருத்தருக்குக் கெட்ட வார்த்தை. எங்கிட்ட வந்த இன்னொருத்தர் எதைக் கேட்டாலும் வெங்காயம்பாரு. அவர் மனசுல நினைக்கிறது சரியாத்தான் இருக்கும், வெளிய வர்றது மட்டும் அது. உங்கப்பா அக்காவத் தொட்டு உம்பேரச் சொன்னா, அக்காவைத்தான் கூப்பிடுறாரு.”

இது ஜனவரி இருபத்திரண்டு. என் போன கடிதம் இருபத்தேழு. ஐந்து நாள் கழித்து, எல்லாம் தெரிந்தேதான், பெற்ற மனசு, பஸ் பெட்டி என்றெல்லாம் எழுதினேன். நீ அந்தப் பெயரைக் கேட்டு வலிப்பது எனக்குத் தெரிந்தது. ஒரு வரி எழுதியிருந்தால் உன் வலி நின்றிருக்கும். எழுத மனசு வரவில்லை. உன் கையில் அப்பா முழுசாக இருக்கிறார். எனக்கு அந்தப் பெயர் ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

நீ ஒரு எழுத்தை மாற்றினாய். நான் ஒரு வரியை மறைத்தேன். யாருடையது பெரிசு என்று நீயே சொல்.

அந்த முன் பெட்டி இன்ஜின்மேல் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? தொடை வெந்துபோகும். எழுந்தால் நீ வந்து உட்கார்ந்துவிடுவாய் என்று சாந்தா கிளாரா வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்த எழுத்தை மாற்று என்று இனி கேட்க மாட்டேன்.

நியுர்கா

*

மொந்தெவிதேயோ
1 ஏப்ரல் 2019

அக்கா,

நேற்றுத்தான் திரையில் பார்த்தோம், இன்றைக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். அதில் அப்பா நடுவில் இருக்கிறார். அவர் காதுபடச் சொல்ல முடியாதது இது.

நீ கூப்பிட்டபோது நான் இல்லத்தின் பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, சவரம் செய்து, தலைக்கு நீர் தொட்டு வாரி உட்காரவைத்திருந்தாய். தாடையில் ஒரு கீறல் இருந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். இடது கை விரலால் திரையைத் தொட்டார், என் மூக்கின்மேல் என்று நினைக்கிறேன். நான் என்ன பேசினேன் என்றே நினைவில்லை.

பிறகு நீ பால் பொங்குகிறது என்று எழுந்து போனாய். அப்போது நடந்தது உனக்குத் தெரியாது. நீ கதவைத் தாண்டியதும் அவர் கழுத்தைத் திருப்பிவிட்டார்.

“நியுர்கா” என்றார்.

“இங்கதான் இருக்கேன்ப்பா” என்றேன்.

திரும்பவே இல்லை. இன்னும் கொஞ்சம் இழுத்து, கெஞ்சுகிற மாதிரி, அடுப்படியைப் பார்த்து, “நியுர்கா” என்றார். நான் மறுபடியும், “அப்பா, இங்க பாருங்க” என்றேன். அவர் காதும் காதுக்குப் பின்னால் நரைமுடியும்தான் எனக்குத் தெரிந்தது. நீ உள்ளேயிருந்து, “இதோ வர்றேன்ப்பா” என்று குரல் கொடுத்தாய். அவர் தோள் அப்படியே தளர்ந்து இறங்கியது. குழந்தை அழுகையை நிறுத்தின மாதிரி.

என் பெயரைச் சொல்லி உன்னைத் தேடுகிறார். கிராசியேலா சொன்னபோது காதில் வாங்கியதுதான். கண்ணால் பார்ப்பது வேறு.

போனை வைத்துவிட்டு அன்செல்மோ ஐயாவுக்கு நகம் வெட்டப் போனேன். நேற்று ஞாயிறு, அவர் மகள் வருகிற நாள். வாரத்துக்கு ஒரு மணி நேரம், கையில் பிஸ்கட் டப்பாவோடு. அவள் தலை தெரிந்ததும் ஐயா பாதத்தை என் மடியிலிருந்து இழுத்துக்கொண்டார். எனக்கு அவள்மேலும் பொறாமை, உன்மேலும் பொறாமை. ஒரே மத்தியானத்தில் இரண்டு பக்கமும் நான்தான் வெளியே.

நியுர்கா

*

கைபாரியேன்
22 ஏப்ரல் 2019

நியுர்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பாத்திரம் கழுவும்போது பாடிக்கொண்டிருந்தேன். ஓர்தென்சியா வந்து எட்டிப் பார்த்து, “என்னடி, எவனாவது கிடைச்சானா?” என்றாள். உன் துக்கத்தில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. மறைத்தது போதும்.

வாரம் ஒரு தடவை கூப்பிடுகிறேன். நீ பார்த்துக்கொண்டிருப்பாய், ‘ஆ’வாக மாற்றிய எழுத்தை மறுபடியும் தொடவில்லை. ஆனால் அழைப்பு முடிந்ததும் ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தை முதலில் பார்க்கிறேன். உன்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று.

இப்போது எழுத வந்தது வேறு. நவம்பரில் ஒரு நாள் ரேஷன் ரொட்டி வரிசையில் மயங்கி விழுந்தேன். கர்ப்பப்பையில் கட்டி. பயப்படுகிற மாதிரியானது இல்லை என்கிறார்கள். ஆனால் ரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது. டாக்டர் பெண் மூன்று தடவை தேதி கொடுத்தாள், மூன்று தடவையும் நான் போகவில்லை. கடைசித் தடவை கோபித்துக்கொண்டாள்.

“உங்கப்பாவ நீங்க தூக்குறீங்க. நீங்க விழுந்தா யாரு தூக்குவா?”

சீட்டை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். பதில் இருந்தது. நான் பத்து நாள் இல்லாத வீட்டில் அவர் வேறு யாருக்காவது பழகிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அது. ஓர்தென்சியாவிடம்கூட விட மனசில்லை. பைத்தியம் என்பாய்.

ஜூன் நான்காம் தேதி என்று நாலாவது தேதி கொடுத்திருக்கிறாள். சாந்தா கிளாராவில். முந்தின நாளே போய்ப் படுக்க வேண்டும். பிறகு ஒரு மாசம் எதையும் தூக்கக் கூடாது.

வா என்று நான் சொல்லவில்லை. நாட்டை விட்டுப் போனவர்கள் இரண்டு வருஷத்துக்குள் ஒரு தடவை வந்து காலடி வைக்காவிட்டால் இங்கே குடியிருக்கும் உரிமை போய்விடும் என்று சொல்கிறார்களே. உனக்கு ஆகஸ்டோடு இரண்டு வருஷம் ஆகிறது. அதை ஞாபகப்படுத்தலாம் என்று எழுதினேன்.

இதால்மிஸ்

*

வீட்டுச் சமையலறை மேசைமேல்
3 ஜூன் 2019

நியுர்கா,

உன் விமானம் தாமதம் என்று காலையில் செய்தி வந்தது. பஸ் எனக்காக நிற்காது. நீ வரும்வரை ஓர்தென்சியா அப்பாவோடு இருப்பாள். இரண்டு வருஷம் கழித்து வருகிறாய், வாசலில் நான் இல்லை. என்ன செய்வது.

போனை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன். ஆஸ்பத்திரியில் அது எனக்கு எதற்கு, தொலைந்துதான் போகும். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதி ஓர்தென்சியாவிடம் கொடு, அவள் சனிக்கிழமை என்னைப் பார்க்க வருகிறாள்.

மருந்து ஜன்னல் விளிம்பில். காலையில் வெள்ளை, ராத்திரி பாதி மஞ்சள். குளிப்பாட்டும் வித்தை உனக்குத் தெரியும், ஆனால் வலது கையை முதலில் நனைக்காதே, அவருக்கு அது தன் கை என்று தெரியாமல் பயந்துவிடுகிறார். சட்டை மாட்டும்போது அந்தக் கையை முதலில் விடு.

பேச்சுத்தான் உனக்குக் கஷ்டமாக இருக்கும். வார்த்தை ஒன்று, அர்த்தம் பல. குட்டையாக, வெட்டினாற்போல உன் பெயரைச் சொன்னால் தண்ணீர். கடைசியில் இழுத்தால் ஜன்னலுக்குப் போக வேண்டும், எதிர்த் தெருவில் பஸ் திரும்பும் சத்தம் கேட்டிருக்கும். மூக்கால் சொன்னால் கழிப்பதற்கு, உடனே ஓடு. சாப்பாட்டைப் பார்த்து மேல் குரலில் சொன்னால் பிடிக்கவில்லை, பூசணி போட்டிருப்பாய். ராகம் மாதிரி மூன்று தடவை சொன்னால் டோமினோ. தோற்றுக்கொடு, ஆனால் தெரியாமல் தோற்றுக்கொடு. இதையெல்லாம் கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாசம் ஆனது. உனக்கு ஒரு பக்கத்தில் தருகிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதவில்லை. உனக்குத் தேவைப்படாது.

அடுப்பில் காபி வடித்து வைத்திருக்கிறேன். ஆறியிருக்கும்.

இதால்மிஸ்

*

கைபாரியேன்
8 ஜூன் 2019

அக்கா,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஓர்தென்சியா வீட்டுக்குப் போன் வந்ததும் அவள் தெருவிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். அப்பாவிடம் சொன்னேன். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

நான் உள்ளே வந்த அன்று அவர் அழுதார், நான் அழுதேன். என் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தார், குட்டையாக வெட்டியது பிடிக்கவில்லை என்று தெரிந்தது, மேல் குரலில் சொன்னார். முதல் இரண்டு நாள் எனக்குத் திருவிழாதான். தண்ணீர் தெரிந்தது, ஜன்னல் தெரிந்தது, ஒரே ஒரு தடவைதான் ஓடத் தாமதமானது. டோமினோவில் தோற்றேன். தெரிந்துவிட்டது, கோபித்துக்கொண்டார். நீ எப்படித்தான் தோற்கிறாய் என்று வந்து சொல்லிக்கொடு.

நீ எழுதாமல் விட்டதை நேற்று விடியற்காலையில் கேட்டேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. குரல் ரொம்பத் தணிவாக இருந்தது. இரண்டே தடவை, நடுவில் ஒரு மூச்சு விட்டு. பக்கத்து அறையில் படுத்திருந்த எனக்கு அது கேட்டது. தண்ணீர் இல்லை, ஜன்னல் இல்லை. உன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் எழுந்து போனேன். உன் குரலை வரவழைத்துக்கொண்டு, “இதோ வர்றேன்ப்பா” என்றேன். சின்ன வயசில் உன்னை மாதிரிப் பேசி அம்மாவையே ஏமாற்றியிருக்கிறேன்.

கட்டிலருகில் உட்கார்ந்தேன். அவர் கண்ணை மூடியபடியே கையை நீட்டினார். கொடுத்தேன். என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். நடுவிரல் வரைக்கும் வந்தார். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. என் கையின் பின்பக்கத்தைத் தட்டிக்கொடுத்தார், வீட்டுக்கு வந்த விருந்தாளியைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. தட்டிக்கொடுத்துவிட்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்றாடம் விடியும்போது உனக்கு அது கிடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் என் மஞ்சள் கவுனுக்காக அப்படி எரிந்தாயா? உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. அடுப்படிக்கு வந்து வெறும் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

இல்லத்தில் ஆறு வாரம் விடுப்புக் கொடுத்திருக்கிறார்கள். டாக்டர் சொல்கிற வரைக்கும் அங்கேயே படுத்திரு, அவசரப்பட்டு எழுந்து வந்து என்மேல் பழி போடாதே. அதற்குப் பிறகு ஒரு நாள்கூடத் தள்ளாதே. நீ வருகிற அன்று பஸ் நிலையத்துக்கே வந்து உன் பையை வாங்கிக்கொள்வேன். வாசல்வரை கூட்டிக்கொண்டும் வருவேன். நீ அறைக்குள் போகும்போது மட்டும் நான் பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருப்பேன். அவர் உன்னைக் கூப்பிடுவது அங்கே கேட்காது.

நியுர்கா